சார்ஸ் அடங்கியது, கொரோனா ஏன் அடங்கவில்லை?

முகில்: சார்ஸ் என்ற வைரஸ் மூச்சுநோய் 2003 ஜூலையிலேயே அடங்கிவிட்டது. உலகம் முழுக்க 8,096 பேர், 774 மரணம். கொரோனாவும் அதே குடும்பம்தானே, ஏன் இப்படி?

தோபாயோ அக்கா: அப்போது நான் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி மாணவி. ஆளுக்கொரு தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டும், தினம் இரண்டு முறை. பக்கத்துத் தோழி சிரித்து, அதைக் கீழே போட்டு, அழுதே விட்டாள்!
அந்தச் சோதனை பலித்தது. சார்ஸ் காய்ச்சல் வந்த பிறகுதான் பரவும். இரண்டாம் வாரத்தில்தான் உச்சம். அதற்குள் ஆள் மருத்துவமனையில் இருப்பார். விலை கொடுத்தது அங்கே வேலை பார்த்தவர்கள். சிங்கப்பூரின் 238 நோயாளிகளில் ஐந்தில் இரண்டு பேர் மருத்துவ ஊழியர்கள்.
கொரோனா அறிகுறிக்கு இரண்டு நாள் முன்பே பரவும்.

முகில்: அப்போ 2020-ல் கடைவாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டினார்களே, அது வீணாக்கா?

தோபாயோ அக்கா: முழு வீண் இல்லை தம்பி. காய்ச்சல்காரர் மாட்டுவார். ஆனால் நாளைக்குக் காய்ச்சல் வரப்போகிறவர் ஜாலியாக உள்ளே போய்விடுவார். அதனால்தான் எல்லார் மூக்கிலும் முகக்கவசம் ஏறியது.

கடலூரான்: எங்க கடையில் அந்தத் துப்பாக்கி எல்லாருக்கும் 34 டிகிரிதான் காட்டியது 😄