வீட்டிலேயே பன்றி அறுத்த அனுபவம் உள்ளவர்கள் வாருங்கள்

பனவிளை:
எங்கள் பக்கம் (மார்த்தாண்டத்துக்கு மேற்கே) கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு பன்றி வாங்கி அறுத்துப் பங்கு போடுவது தெரிந்ததுதான், அதை விளக்கப் போவதில்லை. அந்த வருடம் பண்ணையில் சொல்லி வைத்திருந்த வெண்பன்றி கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. சித்தப்பா எங்கிருந்தோ ஒரு கறுப்பு நாட்டுப் பன்றியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அறுக்க வரும் அண்ணன் அதைக் கட்டிப் போட்டதும் கத்தியை எடுக்கவில்லை. வாயில் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்து, நாக்கை வெளியே இழுத்து, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். என்ன அண்ணே பார்க்கிறீர்கள் என்றேன். ஒன்றும் இல்லை தம்பி என்றார். நாக்கில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஆனால் தொடையைப் பிளந்ததும் கறிக்குள்ளே வெள்ளை வெள்ளையாக ஜவ்வரிசி மாதிரி. முதலில் இரண்டு மூன்று, கழுத்துப் பக்கம் போனால் விரல் வைக்க இடமில்லை. அவர் கத்தியை வாழை இலையில் துடைத்து வைத்துவிட்டு, இது வேண்டாம் என்று ஒரே சொல்லாகச் சொன்னார்.

அவ்வளவுதான், சண்டை ஆரம்பித்தது. நாலு வீட்டுப் பணம். நன்றாகக் கழுவி வேகவைத்தால் என்ன ஆகிவிடும் என்று சித்தப்பா, வேண்டவே வேண்டாம் என்று அம்மா. கடைசியில் தென்னந்தோப்பில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். இன்றைக்கும் என்னை அரிக்கிற விஷயம் இதுதான்: குழியில் எல்லாவற்றையும் போடும்போது தலையைக் காணோம். காதோடு, நாக்கோடு முழுத் தலை. நாய் தூக்கிப் போகிற அளவு சின்னத் தலை இல்லை. யார் எடுத்தது என்று இதுவரை தெரியாது. நின்றவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்.

டீக்கடை பெஞ்சு:
நல்லவேளை நீங்கள் தின்னவில்லை தம்பி. அந்தக் கறியைத் தின்றால் புழு நேராக மூளைக்குப் போய்விடும். எங்கள் பெரியப்பா மகனுக்குத் திடீரென்று வலிப்பு வந்தது, ஸ்கேன் எடுத்தால் தலைக்குள் புள்ளி புள்ளியாக. அவன் வாராவாரம் பன்றி தின்பவன். நான் அன்றைக்கு விட்டதுதான், இன்று வரை வாயில் வைக்கவில்லை.

மண்சட்டி:
பெஞ்சு அண்ணா, உங்கள் தம்பிக்கு வந்தது பன்றிக்கறியால் என்று முடிவு செய்துவிடாதீர்கள். என் மாமியார் வீட்டில் கொட்டில் வைத்துப் பன்றி வளர்த்தார்கள், பொங்கலுக்கு அடுத்து ஒன்று அறுப்பார்கள். எனக்கு அதில் மறக்காதது குடல் கழுவியதுதான். கல்யாணமாகி வந்த முதல் வருடம், வாய்க்கால் ஓரத்தில் என்னை உட்காரவைத்து, குடலை உள்பக்கம் வெளியே வரும்படி ஈர்க்குச்சியில் புரட்டச் சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு முனையில் ஓட்டை விழுந்து என் புதுப்புடவை முழுக்க அபிஷேகம். மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

பனவிளை சொல்கிற வெள்ளை மணிகள் நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம், ஒவ்வொன்றும் ஒரு சின்ன நீர்ப்பை. அந்தக் கறியை அரைவேக்காட்டில் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும், அதுவும் கெட்டதுதான், ஆனால் அது குடலோடு. மூளைக்குப் போவது வேறு வழி. நாடாப்புழு உள்ள மனிதனின் மலத்தில் முட்டை வெளியேறும், அந்த முட்டை கழுவாத கையிலோ கீரையிலோ தண்ணீரிலோ இன்னொருவர் வயிற்றுக்குள்ளோ அவர் வயிற்றுக்குள்ளேயோ போனால்தான் அது ரத்தத்தோடு மூளைக்கு ஏறி நீர்ப்பையாக உட்காருகிறது. அதனால் பன்றியே தொடாத சுத்த சைவத்துக்கும் இந்த வலிப்பு வரும், வந்தும் இருக்கிறது. பன்றிக்கும் அப்படித்தான் வருகிறது, வெட்டவெளியில் மனிதன் போனதைத் தின்று. ஆக முதல் குற்றவாளி நாம்தான். கொட்டிலில் கட்டி, தவிடும் புண்ணாக்கும் கிழங்கும் போட்டு வளர்த்த பன்றிக்கு இது வர வழி குறைவு. வாங்கும்போது எங்கே மேய்ந்தது என்று கேளுங்கள், நாக்கைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள், நிறைய மணி இருந்தால்தான் நாக்கில் தட்டுப்படும். கறியில் சிவப்பு போகும்வரை வேகவிடுங்கள். கறி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். கீரையைக் கழுவுங்கள். வீட்டில் சமைப்பவருக்கு நாடாப்புழு இருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் ஆபத்து, ஒரு மலப் பரிசோதனை பெரிய செலவில்லை.

காவிரிக்கரை:
இங்கே எல்லோரும் புழுவுக்குப் போய்விட்டீர்கள். எங்கள் குலசாமிக்கு முப்பூசை, கொங்குப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், ஆடு கோழி பன்றி மூன்றும் கொடுக்க வேண்டும். 2003இல் கோயிலில் பலி கூடாது என்று 1950ஆம் வருடத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள் இல்லையா, அந்த வருடம்தான் எங்கள் முறை. கோயில் வாசலில் போலீஸ். நேர்ந்துகொண்டதை நிறுத்த முடியாது என்று தாத்தா ஒற்றைக்காலில் நின்றார். சரி, வீட்டுக் கொல்லையிலேயே ராத்திரியில் முடித்துவிடலாம் என்று ஏற்பாடு.

ஆடு சத்தம் போடவில்லை. கோழி ஒரு நிமிடம். பன்றி அப்படியா? கத்தி படுவதற்கு முன்னாலேயே, காலைப் பிடித்து மல்லாத்தியதுமே ஆரம்பித்துவிடும். அதற்காக மாமா மைக்செட் வாடகைக்கு எடுத்து, பாட்டை உச்சத்தில் வைத்திருந்தார். எல்லாம் சரி, மைக்கை அணைக்க மறந்து திண்ணையிலேயே வைத்துவிட்டார்கள். பன்றி போட்ட அலறல் பாட்டையும் மீறி அந்த மைக்கில் ஏறி, புளியமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாயிலும் ஊர் முழுக்கப் போனது. பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். காவலர் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளோடு வந்து நின்றார், உள்ளே பார்த்தார், கல்யாண வீடா என்று கேட்டார், ஆமாம் என்றோம், போய்விட்டார். அடுத்த வருடமே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். மாமாவை மட்டும் ஊரில் இன்னும் மைக்செட் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நாடோடி82:
நான் ரொமேனியாவில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்தவர் ஊருக்குக் கூட்டிப் போனார். டிசம்பர் 20, இக்னாத் என்று சொல்வார்கள், அன்றைக்குக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு பன்றி அறுப்பு. முற்றத்தில் பனி. நம் ஊர்ப் பக்கம் போலவே வைக்கோலைப் போட்டு மூடிக் கொளுத்தி மயிரைப் பொசுக்குகிறார்கள், சில வீட்டில் கேஸ் பர்னர். தேய்த்துக் கழுவியதும் தோல் மஞ்சளாக வருகிறது. அப்புறம் ஒரு போர்வையைப் போர்த்தி, வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி அந்தப் பன்றியின் முதுகில் உட்காரவைத்தார்கள். நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன், இல்லை, அது வழக்கம். இறங்கின பிள்ளைக்குக் காதை அறுத்து உப்புத் தொட்டுக் கொடுத்தார்கள், பச்சைத் தோல், அதை அது நறுக்நறுக்கென்று மென்றது. எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். மண்சட்டி அக்கா எழுதியதை அப்போது படித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

அறுப்பு முடிந்து உதவிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பன்றியிலிருந்தே கொஞ்சம் அதன் கொழுப்பிலேயே வறுத்துச் சுடச்சுடப் போடுகிறார்கள், அதற்குப் பன்றியின் பேரில் கொடுக்கும் அன்னதானம் என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் உண்டு. மீதி முழுக்க உப்பு, புகை, குடலில் அடைத்துத் தொங்கவிடுவது. மாசக்கணக்கில் வரும். நம் வெயிலில் மத்தியானத்துக்குள் பங்கு போட்டுத் தீர்த்தாக வேண்டும், அவர்களுக்கு அந்த அவசரமே இல்லை.

செம்மண் தோட்டம்:
பொசுக்குவது பற்றி நாடோடி சொன்னதால் எழுதுகிறேன். நாட்டுப் பன்றிக்குப் பொசுக்கலாம், மயிர் தடிப்பு. வெண்பன்றிக்கு வெந்நீர்தான் சரி, ஆனால் கொதிக்கிற நீர் கூடாது. இதைச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. என் மைத்துனர் துபாயிலிருந்து வந்த உற்சாகத்தில் அண்டாத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அப்படியே ஊற்றினார், மயிர் வருவதற்குப் பதில் தோல் வெந்து மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இரவு பத்து மணி வரை முகச்சவர பிளேடை வைத்துக்கொண்டு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாலு பேர் சிரைத்தோம். நீர் 60, 65 டிகிரி போதும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் விரலை வேகமாக மூன்று முறை முக்கி எடுங்கள், மூன்றாவது முறை தாங்க முடியாமல் சுட்டால் அதுதான் பதம்.

கூடவே சில விஷயம். முந்தின நாளிலிருந்து தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் காட்டுங்கள், குடல் காலியாக இருந்தால் மண்சட்டியின் புடவை தப்பித்திருக்கும். வயிற்றைத் திறக்கும்போது கத்தியின் முனை வெளியே பார்க்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றி அறுத்து நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு அப்புறம் குடலை இறக்குங்கள். ஈரலில் ஒட்டியிருக்கும் பித்தப்பையை முதலில் எடுத்து வீசுங்கள், உடைந்தால் ஈரல் நாய்க்குத்தான். ரத்தம் பிடிப்பதானால் உப்புப் போட்டுக் கையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் கட்டியாகும். காயடிக்காத பெரிய கடுவனை வாங்காதீர்கள், கறி கொதிக்கும்போதே மூத்திர வாடை தெருவுக்கு வரும். பெரும்பாணாற்றுப்படையில்கூட ஆண் பன்றியைப் பெட்டையோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிக் கொழுக்கவைத்துக் கள்ளோடு விருந்து போடுகிறார்கள். அந்தக் காலத்திலேயே வாடைக்கு வழி கண்டிருக்கிறார்கள்.

காவிரிக்கரை:
செம்மண் ஐயா, அந்தப் பாட்டில் வாடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொழுப்பு ஏறுவதற்காகக் கட்டி வைத்தார்கள், அவ்வளவுதான். பெட்டையோடு சேர்க்காவிட்டால் மட்டும் கடுவன் வாடை போகாது, காயடித்தால்தான் போகும், நீங்களே மேல் வரியில் சொல்லிவிட்டீர்கள்.

வேலியோரம்:
எல்லோரும் அறுத்த கதை சொல்கிறீர்கள். அறுக்க வந்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அறுத்திருக்கிறார்கள். வந்தவர் விடியலில் வந்து குத்தி, பொசுக்கி, பிளந்து, ஒரு வீட்டுக்கும் எலும்பு கூடாமல் குறையாமல் கண்ணாலேயே அளந்து கூறு போட்டார். கறி முழுக்க அவர் கை பட்டது, ஈரலை அவர் கையால் எடுத்து அப்பாவின் கையில்தான் கொடுத்தார். நடுவில் டீ. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவருக்குக் கொட்டாங்குச்சி, அதிலும் அத்தை ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினாள், கொதிக்கிற டீ அவர் கட்டைவிரலில் தெறித்தது. அவர் கையை உதறவில்லை. ரத்தம் காய்ந்த கை, அதில் டீ வழிந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

டீக்கடை பெஞ்சு:
இங்கே எதற்கு இதை இழுக்கிறீர்கள்? அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவருக்குத் தலையும் குடலும் கூலியும் கொடுத்திருப்பார்கள்.

வேலியோரம்:
கொடுத்தார்கள். நான் கேட்டது டம்ளரைப் பற்றி. அந்தக் காலம் என்று நீங்கள் சொல்வது 1996.

பனவிளை:
பெஞ்சு அண்ணா சொன்னதும்தான் எனக்கும் உறைக்கிறது, எங்கள் பக்கமும் தலை அறுத்தவருக்கு என்றுதான் கணக்கு. சித்தப்பா அதனால் அந்த அண்ணன்மேல்தான் சந்தேகம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வேண்டாம் என்று சொன்ன ஒரே மனுஷன் அவர். அவரா எடுத்திருப்பார்?

கூடலூரான்:
என் கதை அறுக்காத கதை. அத்தை வீடு வயநாட்டில், மானந்தவாடிப் பக்கம். கிறிஸ்துமஸுக்கு என்று இரண்டு பன்றி வளர்த்தாள். 2022 ஜூலையில் அங்கே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது ஞாபகம் இருக்கும். நோய் கண்ட பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பன்றி எல்லாவற்றையும் கொன்று புதைக்க வேண்டும் என்பது விதி, நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. அத்தை வீடு அந்த வட்டத்துக்குள். இரண்டும் நன்றாகத் தின்றுகொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கின்றன.

அத்தை போனில் கேட்டது: அவர்கள் நாளைக்கு வருகிறார்கள், இன்றைக்கு ராத்திரியே அறுத்துச் சமைத்துவிடலாமா? அந்தக் காய்ச்சல் மனிதருக்கு ஒட்டாது என்று டிவியில் சொன்னார்களே? ஒட்டாது, உண்மைதான். ஆனால் அந்தக் கிருமி கறியிலேயே நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், கழுவின தண்ணீர், எலும்பு, மிச்சம் மீதி எச்சில் தீனி எதன் வழியாகவும் அடுத்த கொட்டிலுக்குப் போகும், போனால் அங்கே ஒன்றும் மிஞ்சாது, நம் நாட்டில் அன்றைக்கு அதற்குத் தடுப்பூசியும் இல்லை. ஹோட்டல் மிச்சத்தைக் காய்ச்சாமல் தீனி போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கவும். அவளுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு, சரி, கத்தி சாணை பிடித்த காசு தண்டம் என்றாள்.

மறுநாள் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு வந்தார்கள், எடை பார்த்தார்கள், ஆழமாகக் குழி தோண்டினார்கள், அத்தை கொட்டிலைப் பார்க்காமல் எடைக்கருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நஷ்டஈடு எடையைப் பொறுத்துத்தான். பணம் வந்துவிட்டது. பெரிய பன்றிக்குப் பத்துக் கிலோ குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று போன வாரம் போனபோதும் என்னிடம் சண்டைக்கு வந்தாள், நான்தான் எடை போட்ட மாதிரி.