ஃபிரேமில் நூல் அறுந்த அந்த ஒரு நாள்: உங்களுக்கு எங்கே மாட்டியது?

கிழிசல்மகராசி (டாலஸ்)

நேற்று ராத்திரி 27 தடவை. காலண்டர் ஓரத்தில் பென்சிலால் கோடு கிழித்து எண்ணினேன். எல்லாமே மேல் நூல். பாபின் நூல் (அடியில் ஓடுகிற நூல்) ஒரு தடவைகூட அறவில்லை.

போர்வை அக்கா மகள் கல்யாணத்துக்கு. அம்மாவின் நான்கு காஞ்சிபுரம் பட்டுச்சேலைகளை நீள நீளமாக வெட்டி இணைத்த மேல்துணி, உள்ளே 80/20 பேட்டிங் (பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த பஞ்சு அடுக்கு), அடியில் சாதா காட்டன். போர்வையை விரித்துக் கட்ட 12 அடி ஃபிரேம், அதன் மேல் கையால் ஓட்டுகிற லாங் ஆர்ம் தையல் மெசின். பாலியஸ்டர் நூல், எம்ஆர் 3.5 ஊசி. சேலையின் உடல் பகுதியில் மெசின் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பார்டரைத் தொட்டதும் ‘ட்ரக்’ என்று ஒரு சத்தம், நூல் போச்சு.

ஊசி மாற்றினேன். இன்னும் தடிமனான எம்ஆர் 4.0 (18-ஆம் நம்பர்) போட்டேன். வேகத்தைக் குறைத்தேன். மேல் டென்ஷனை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தை, தளர்த்தித் தளர்த்தி, அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கும் அளவுக்குக் கொண்டுபோனேன். அப்படியும் அறுந்தது.

பதினோராவது தடவையோ என்னவோ, போன் டார்ச்சை அடித்து ஊசியைப் பார்த்தேன். ஊசிக் கண்ணில் சிவப்பாக ஒரு பிசிறு. முதலில் என் விரல் ரத்தமோ என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, ஜரிகைக்குள் இருக்கிற சிவப்புப் பட்டிழை. மேலே சுற்றியிருந்த வெள்ளித் தகடு பிரிந்து ஊசிக்குக் கீழே இருக்கிற பிளேட்டின் மேல் பொன்துகள் மாதிரி கிடந்தது. அதைப் பார்த்ததும் கை ஓடவில்லை. ஆனாலும் விடாமல் தைத்தேன், மடத்தனம்.

என்னை இன்னும் அரிப்பது இதுதான்: இடமிருந்து வலமாகப் போகும்போது அதே பார்டரில் ஏறக்குறைய அறுப்பதே இல்லை. வலமிருந்து இடம் வரும்போதுதான் இத்தனையும். ஜரிகைதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் அறுக்க வேண்டாமா? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?


ஸ்கார்பரோ ஊசி

தங்கச்சி, எனக்கு இரண்டு வருசத்துக்கு முந்தி தைமாதக் குளிரில் இதே கூத்து. பட்டு இல்லை, வெறும் காட்டன்தான். பத்து அங்குலத்துக்கு ஒருக்கால் அறும். டென்ஷன், ஊசி, நூல் எல்லாம் மாற்றியாச்சு. மனுசன் வந்து போர்வையில் விரலால் தட்டிப்போட்டு, “நல்ல மத்தளம் மாதிரி இருக்கு” என்று பகிடி விட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்! இறுக்கம் கூடக் கூடத்தான் தையல் வடிவாக வரும் என்று அந்த நாளில் என்ர நினைப்பு.

அடுத்த தெருவில் ஒரு வயதான வெள்ளைக்காரி இருக்கிறா, கன காலமாக இதே வேலை செய்கிறவ. அவ வந்து மெசினைப் பார்க்கவே இல்லை. ஒரு கையை ஃபிரேமுக்குக் கீழே விட்டு விரலை மேலே தள்ளினா. மற்றக் கையால் மேலிருந்து, துணியோடு சேர்த்து அந்த விரலைப் பிடிக்கப் பார்த்தா. பிடிபடவில்லை. துணி அந்தளவு விறைப்பு. ஒன்றும் சொல்லாமல், துணி சுற்றியிருக்கிற ரோலரின் பல்லை ஒரு ‘டிக்’ தளர்த்தி விட்டா. இன்னொரு ‘டிக்’. திரும்ப விரலைப் பிடித்தா, பிடிபட்டது. “இப்ப தை” என்றா. அதுக்குப் பிறகு அந்தப் போர்வை முடியும் மட்டும் ஒரு தரம்கூட அறவில்லை.

துணி விறைத்து நின்றால் ஊசி வளைய வேண்டி வருமாம். மெசின் நகருது, ஊசி இன்னும் துணிக்குள் இருக்குது, துணி விட்டுக்கொடுக்காது, அப்ப ஊசிதான் வளையும். வளைந்த ஊசியிடம், அடியில் சுழன்று நூலைப் பிடிக்கிற ஹூக் வந்தால் நூலை எப்படிச் சரியாகப் பிடிக்கும்? நீங்கள் எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று முதல் பாருங்கோ.


தையல்_பிரியை

காஞ்சிபுரம் பட்டை வெட்ட மனசு எப்படிங்க வந்தது? எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அம்மா அழுதுவிடுவார். ஜரிகையில் இருப்பது வெள்ளி. வெட்டியது போக மீதி இருந்தால் பழைய ஜரிகை எடுப்பவரிடம் கொடுத்தாலாவது ஏதாவது கிடைக்கும்.

நூல் அறுவது பற்றி எனக்குத் தெரியாது, நான் கையால் தைக்கிறவள்.


ஓவர்லாக்_அண்ணன் (திருப்பூர்)

வணக்கம் சகோதரிகளே. 22 வருஷமாகத் தையல் மெசின் சர்வீஸ். லாங் ஆர்ம் நான் தொட்டதில்லை. ஆனால் நூல் அறுவது எங்கேயும் ஒன்றுதான்.

ஒரு கம்பெனியில் ஒரே மெசினில் ஒரு வாரமாக நூல் அறுக்கிறது. மூன்று பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், மூன்று பேரும் டென்ஷனைத் திருகியிருந்தார்கள். நான் கையில் இருந்த பனியன் வேஸ்ட்டை முறுக்கி, பிளேட்டின் ஊசித் துளைக்குள் விட்டு மெதுவாக இழுத்தேன். ஒரு இழை மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரியாத பிசிறு. முந்தின வாரம் ஊசி உடைந்ததா என்று கேட்டேன். அந்தப் பொண்ணு சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. நைஸ் எமரியால் நாலு இழுப்பு, முடிந்தது.

ஆகவே முதல் விஷயம், டென்ஷனைத் தொடாதீர்கள். அறுந்த நுனியைப் பாருங்கள். நுனி தூரிகை மாதிரி பிரிந்திருந்தால் நூல் எங்கேயோ உரசுகிறது: ஊசிக் கண் சிறிசு, அல்லது ஊசி மழுங்கல், அல்லது ஊசி திரும்பியிருக்கிறது. கத்தியால் வெட்டினது மாதிரி இருந்தால் பிளேட், ஹூக், ஃபுட் (துணியை அழுத்துகிற பாதம்) இந்த மூன்றில் ஒன்றில் பிசிறு. நுனியில் சின்ன மணி மாதிரி உருகியிருந்தால் பாலியஸ்டர் ஊசிச் சூட்டில் இளகியிருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள். நூல் சுருண்டு டெலிபோன் ஒயர் மாதிரி வந்தால் வழியில் ஏதோ ஒரு இடத்தில் கூடுதலாகச் சுற்றியிருக்கிறீர்கள், மூன்று ஓட்டை கைடில் ஒரு ஓட்டையில் கோர்க்காமல் பாருங்கள். டென்ஷன் தட்டுக்குள் பஞ்சு அடைத்திருக்கும், அதையும் எடுங்கள். நூல் கோர்க்கும்போது ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோருங்கள், இல்லாவிட்டால் நூல் தட்டுக்குள் இறங்காது. பாபின் கேஸைக் கழற்றி ஹூக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். தினமும். எண்ணெய் இல்லாத ஹூக்கிடம் நான் பேசக்கூட மாட்டேன். கடைசியாக டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற நேரம். ஹூக் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியின் பின்பக்கப் பள்ளத்தில் வந்து நூலை எடுக்க வேண்டும். அது தப்பினால் மற்றது எல்லாம் வீண். அதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

ஸ்கார்பரோ சகோதரி துணி இறுக்கம் என்கிறார். துணி இறுக்கத்தால் நூல் அறுந்து நான் பார்த்ததில்லை.


போர்வைப்பைத்தியம் (மெல்போர்ன்)

அண்ணா, பனியன் வேஸ்ட் யோசனைக்கு ஒரு கும்பிடு. ஆனால் உங்கள் கடையில் துணி நகர்கிறது, ஊசி அதே இடத்தில் ஏறி இறங்குகிறது. எங்களுக்குத் துணி ஃபிரேமில் நிற்கிறது, மெசின் தலைதான் நாலு பக்கமும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 1,800 தையல் போடக்கூடிய மெசினைக் கையால் இழுக்கிறோம். ஊசி துணிக்குள் இருக்கும்போதே இழுபடுகிறது. அதனால் ஸ்கார்பரோ அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்புறம், “ஃபுட்டைத் தூக்கிக் கோருங்கள்” என்கிறீர்கள். என் மெசினில் ஃபுட்டைத் தூக்க லீவரே கிடையாது! டென்ஷன் தட்டு எப்போதும் மூடித்தான் இருக்கும். நூலை இரண்டு கையாலும் பிடித்து, பல்லிடுக்கில் நூல் விடுகிற மாதிரி இழுத்துத்தான் உள்ளே இறக்க வேண்டும்.

என் கதை வெட்கக்கேடு. ஒரு மாதம் அறுந்தது. பாபின் கேஸை, அடி நூலின் இறுக்கத்தை அளக்கிற டோவா கேஜில் வைத்துப் பார்த்தேன், 20 காட்டியது, அதில் குறை இல்லை. டைமிங் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, டெக்னீஷியனை வரவழைத்தேன். வந்தவர் பையைக்கூடத் திறக்கவில்லை. மெசினுக்குப் பின்னால் போய் நின்று, “கொஞ்சம் தையுங்கள்” என்றார். தைத்தேன். அறுந்தது. அவர் சிரித்தார்.

நூல் கோன் நின்ற கம்பியைக் காட்டினார். வழுவழுப்பான பாலியஸ்டர், அது தானாகவே கோனிலிருந்து சரிந்து அடியில் குவிந்து, கம்பியைச் சுற்றிக்கொண்டு இறுகியிருந்தது. நான் ஒரு மாதமாக ஊசி முனையையே முறைத்துக்கொண்டிருக்கிறேன், வில்லன் என் முதுகுக்குப் பின்னால்! கொய்யாப்பழத்துக்குப் போட்டு வருகிற வலை இருக்கிறதே, அதை வெட்டிக் கோனுக்குச் சட்டை மாட்டிவிட்டார். விசிட் சார்ஜை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்.

மகராசி, உங்களுடையது ஒரு திசையில் மட்டும் என்பதால் கோன் இல்லை. ஊசியைத்தான் சந்தேகப்படுகிறேன். ஊசிக் கண் நேர் முன்னால் பார்க்கிறதா? கண்ணுக்குள் ஒரு குண்டூசியை விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். நான் வலப்பக்கம் ஒரு இம்மி திருப்பினேன், ஒரு திசைத் தொல்லை போயிற்று. உங்கள் மெசினில் வேறு மாதிரி இருக்கலாம்.


நூல்கண்டு

மாமியார் ஆசையாகக் கொடுத்த கோன். எத்தனை வருஷப் பழசோ. கையால் இழுத்தால் ‘பட்’டென்று போகும், என்னிடம் இருந்த புது நூல் விரலை அறுக்கும். இது தெரிய மூன்று நாள் ஆனது. சொல்லவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. இப்போது அது ஹாலில், கண்ணாடி அலமாரியில்.

யாராவது கனமான கம்பளி பேட்டிங் எங்கே வாங்குகிறீர்கள் என்று சொல்ல முடியுமா?


ஓவர்லாக்_அண்ணன் (திருப்பூர்)

தலை நகர்கிற மெசின் என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஊசி வளைவதுதான் முதல் குற்றவாளி. வலமிருந்து இடம் வரும்போது ஊசி ஹூக்கின் போக்குக்கு எதிராக வளைகிறதா என்று பாருங்கள். கோர்வை போட்ட பார்டர் என்றால் உடலும் பார்டரும் சேரும் இடமே தடிமன், அதற்கு மேல் உங்கள் இணைப்புத் தையலின் மடிப்பு வேறு. ஊசி அதில் ஏறும்போது சாயத்தான் செய்யும்.

மகராசி அம்மா, நுனி எப்படி இருந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லையே?


கிழிசல்மகராசி (டாலஸ்)

அண்ணா, தூரிகைதான். குப்பைத்தொட்டியில் இருந்து ஆறு துண்டு பொறுக்கிப் பார்த்தேன், ஆறும் பிரிந்திருந்தன.

தையல்_பிரியை, சேலைகள் மடிப்பு மடிப்பாகவே கிழிந்துபோயிருந்தன. பீரோவில் பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே விட்டுவிடும். வெட்டாமல் இருந்தாலும் கட்ட முடியாது.

ஸ்கார்பரோ அக்கா, உங்கள் விரல் சோதனையில் நான் சுத்தமாகத் தோற்றேன். என்னுடையதும் மத்தளம். பட்டு தொய்ந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் கூடுதலாக இழுத்திருக்கிறேன். மூன்று ‘டிக்’ விட்டேன். குண்டூசி போட்டுப் பார்த்ததில் ஊசிக் கண் இடப்பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது, 18-ஆம் நம்பர் மாட்டும்போது அவசரத்தில் திருப்பியிருக்கிறேன். நேராக்கி, வலப்பக்கம் ஒரு இம்மி. மீதி இரண்டடி தைத்ததில் மூன்று முறைதான் அறுந்தது. மூன்றும் கோர்வை இணைப்பின் மேலேயே.

அப்புறம் எண்ணெய் விடுவதற்காகப் பாபின் கேஸைக் கழற்றினேன். அதன் டென்ஷன் தகட்டுக்கு அடியில் அரை அங்குல நீளத்துக்கு ஒரு ஜரிகைத் துணுக்கு. அது எப்போதிருந்து அங்கே இருந்தது, 27-இல் எத்தனை கோடு அதன் கணக்கு என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது? ஜரிகை பளபளப்பாக நேற்று நெய்தது மாதிரியே இருக்கிறது. ஒரு பாபின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

மிச்சப் பார்டர்களில் மெசினை ஏற்றப் போவதில்லை. ஓரத்தை ஒட்டித் தைத்துவிட்டு நடுவில் கையால் முடிச்சு. கல்யாணத்துக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது.