விதை போட்டு மூணு வாரமாச்சு, ஆவாரை முளைக்கவே இல்லை

திருமங்கலத்தான்:
வீட்டுக்குத் தெற்கே ரெண்டு சென்ட் சும்மா கிடக்கு. நாள் முழுக்க வெயில். தேனீ, வண்டு வரட்டும்னு ஆவாரை வைக்க ஆசை. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூப்பறிக்கப் போனப்போ ரோட்டோரத்துல நின்ன கன்னு ரெண்டைப் பிடுங்கிட்டு வந்து நட்டேன். நாலே நாள்ல கருகிருச்சு. இப்ப விதை போட்டிருக்கேன், தினமும் தண்ணி ஊத்துறேன். ஒண்ணுகூட தலைகாட்டலை. எங்கே தப்பு?

கரிசல்காட்டு அக்கா:
தம்பி, ஆவாரைக்கு ஆணிவேர். பிடுங்கும்போதே அறுந்துபோயிரும், பிறகு பிழைக்காது. ரோட்டோரத்துல நிக்கிறது அங்கேயே நிக்கட்டும்.

விதைத்தோல் ரொம்பக் கெட்டி, தண்ணி உள்ளே இறங்காது. நான் தண்ணியைக் கொதிக்க வச்சு இறக்கி, விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுருவேன். காலையில உப்பியிருக்கிறதை மட்டும் எடுத்து, செடி நிக்கவேண்டிய இடத்துலயே ஊணுவேன். உப்பாததை உப்புத்தாள்ல லேசா உரசி மறுபடி ஊறப்போடுவேன். கன்னு நல்லா ஊணிக்கிட்டா தினம் தண்ணி ஊத்தாதீங்க, வேர் அழுகிரும்.

பூத்ததும் காலையில பக்கத்துல போய் நில்லுங்க. ஆவாரம்பூவுல தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையோட நுனித் துளை வழியாத்தான் வரும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடிச்சு, றெக்கையை மடக்கி வச்சுக்கிட்டே உடம்பை அதிரவைக்கும். பறக்கிற சத்தம் வேற, இந்த 'ர்ர்ர்ர்' வேற. மஞ்சப் பொடி அது வயித்துல கொட்டுறது கண்ணுக்குத் தெரியும். எனக்கு இன்னும் அலுக்கலை. தேனீயால அப்படி அதிர முடியாது, கீழே சிந்தினதைப் பொறுக்கும். அதுக்காக ஓரத்துல தும்பை விதையையும் தூவி விடுங்க.

ஹைதராபாத்வாசி:
இங்கே இது தங்கேடு, தெலங்கானாவோட மாநிலப் பூ. பதுக்கம்மாங்கிற பூப்பண்டிகைக்குப் பூ அடுக்க இதுதான் முதல்ல வேணும். ஒரு நர்சரியில கேட்டதுக்கு வேற ஏதோ மஞ்சக் கொன்றையைக் கொடுத்துட்டாங்க. இலைக்காம்பு தண்டுல சேர்ற இடத்துல காது மாதிரி அகலமா பச்சை மடல் இருக்கணும். காய் தட்டையா, காகிதம் மாதிரி மெலிசா இருக்கும்.

திருமங்கலத்தான்:
அக்கா, வெந்நீர் வைத்தியம் பலிச்சிருச்சு! இருபதுல பதினொண்ணு முளைச்சு இப்ப முழங்கால் உயரம். நடுநரம்பு ஓரமா ஒரு பச்சைப் புழு படுத்திருக்கு. வேப்பெண்ணெய் அடிக்கவா?

கரிசல்காட்டு அக்கா:
அடிச்சிராதீங்க தம்பி! வெளிர்பச்சையும் வெள்ளையுமா பறக்குமே, அந்த வண்ணத்துப்பூச்சியோட புழுவாத்தான் இருக்கும். கொஞ்சம் இலை போகும், திரும்பத் துளிர்த்துரும். அது கூடு கட்டினா படம் போடுங்க.