டாஸ்டி (மெயின்ஃபிரேம்) வட்டில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் போட்டும் மவுன்ட் ஆகவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். மெயின்ஃபிரேமில் ஓடும் லினக்ஸுக்குப் புதிதாக ஒரு 3390 மாடல் 9 (ஐபிஎம் வட்டு வகை) வட்டு கொடுத்தார்கள். சிடிஎல் (இசட்/ஓஎஸ் என்ற மெயின்ஃபிரேம் இயங்குதளத்துக்கும் புரியும் அமைப்பு) வடிவத்தில், 4096 பிளாக் சைஸில் ஃபார்மட் செய்தேன். பிறகு டாஸ்டிபி, அதாவது முழு வட்டின் மேலேயே எக்ஸ்ட்4 போட்டேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் மவுன்ட் செய்தால் சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) சரியில்லை என்கிறது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். ஹெக்ஸ்டம்ப் (வட்டின் பைட்டுகளை அப்படியே காட்டும் பட்டியல்) எடுத்தால் முதல் வரி தாண்டியதும் இ5 இ5 இ5 என்றே போகிறது. வட்டு பழுதா? எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாறட்டுமா?

பதில் 1:
வட்டு நன்றாகத்தான் இருக்கிறது, பதறாதீர்கள். அந்த இ5தான் துப்பு. சிடிஎல்லில் முதல் இரண்டு டிராக்குகள் இசட்/ஓஎஸ் படிக்கும் லேபிளுக்கும் விடிஓசிக்கும் (வட்டின் பொருளடக்கம்) ஒதுக்கப்பட்டவை. அங்கே முதல் ரெக்கார்டு வெறும் 28 பைட். நீங்கள் 4096 பைட் எழுதினாலும் 28 மட்டுமே வட்டில் நிற்கும். திரும்பப் படிக்கும்போது மீதியை டிரைவர் இ5 வைத்து நிரப்பிவிடும். எக்ஸ்ட்4 சூப்பர்பிளாக் 1024ஆவது பைட்டில் தொடங்குகிறது. அது வட்டுக்குப் போகவே இல்லை. எக்ஸ்எஃப்எஸ் போட்டாலும் இதே கதிதான். முழு வட்டின் மேல் எல்விஎம் (வட்டுகளைச் சேர்த்தாளும் லினக்ஸ் வசதி) போட்டாலும் அப்படியே.

லேபிளும் கெட்டிருக்கும், அதனால் மறுபடி ஃபார்மட் செய்யுங்கள். பிறகு பார்ட்டிஷன் போடும் கருவியான எஃப்டாஸ்டியை -ஏ கொடுத்து ஓட்டினால் முழு இடத்துக்கும் ஒரே பார்ட்டிஷன் வரும். ஃபைல் சிஸ்டத்தை அந்தப் பார்ட்டிஷனான டாஸ்டிபி1 மேல் போடுங்கள், டாஸ்டிபி மேல் அல்ல.

கேட்டவர்:
மிக்க நன்றிங்க. அப்படியானால் லினக்ஸுக்கு மட்டுமான எல்டிஎல் வடிவமே போதாதா? பிளாக் சைஸை 512 ஆக்கினால் சிறு கோப்புகளுக்கு நல்லதா?

பதில் 2:
512 வேண்டவே வேண்டாம். ஒரு டிராக்கில் 4096 பிளாக் 12 அடங்கும், அதாவது 48 கேபி. 512 என்றால் 49தான், 24.5 கேபி. 7 ஜிபி வட்டு பாதியாகிவிடும். எல்டிஎல்லில் ஒரே பார்ட்டிஷன்தான், இசட்/ஓஎஸ்ஸுக்கு அந்த வட்டு புரியாது. சிடிஎல் என்றால் மூன்று பார்ட்டிஷன் வரை போடலாம், இசட்/ஓஎஸ் பக்கத்திலிருந்தே வட்டை பேக்கப் எடுக்கலாம். அதற்காகவே நான் சிடிஎல்லை விடுவதில்லை.

எக்ஸ்ட்4ஆ எக்ஸ்எஃப்எஸ்ஸா என்றால், பின்னால் சுருக்க வேண்டி வரலாம் என்ற இடத்தில் எக்ஸ்ட்4. வளர மட்டுமே செய்யும் பெரிய தரவுக்கு, பல வட்டுகளை எல்விஎம்மில் சேர்த்து எக்ஸ்எஃப்எஸ். ஆனால் ஹைப்பர்பாவ் (ஒரே வட்டுக்கு ஒரே நேரத்தில் பல ஐ/ஓ, அதாவது படிப்பு எழுத்து வேலைகளை, ஓடவிடும் வசதி) உண்டா என்று ஸ்டோரேஜ் குழுவிடம் கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு டாஸ்டியில் ஒரு நேரத்தில் ஒரு ஐ/ஓதான் ஓடும். எந்த ஃபைல் சிஸ்டமும் அதைச் சரிசெய்யாது.

கேட்டவர்:
டாஸ்டிபி1 மேல் எக்ஸ்ட்4 போட்டேன், உடனே மவுன்ட் ஆனது. ரீபூட்டுக்குப் பிறகும் இருக்கிறது. ஹைப்பர்பாவ் பற்றி நாளைக்கே கேட்கிறேன்.