பில் விதர்ஸ் 1985-ல் ஆல்பம் போடுவதை நிறுத்தியது சரியா?

இசைத்தட்டு மணி:
அமெரிக்க சோல் பாடகர் பில் விதர்ஸின் கடைசி ஆல்பம் 1985-ல் வந்தது. 2020-ல் இறந்தார். நடுவில் 35 வருடம், சொந்தமாக ஒரு புது ஆல்பம்கூட இல்லை. ‘லீன் ஆன் மீ’ பாட்டை எழுதிய மனிதர் இப்படி ஒதுங்கியதைத் துறவு மாதிரி எல்லோரும் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. நமக்கு இது பெரிய நஷ்டம்.

தென்றல்:
ஏன் ஒதுங்கினார்னு பாருங்க மணி சார். முதல் ரெக்கார்டு கம்பெனி சஸெக்ஸ் 1975-ல் மூழ்கிப்போச்சு. கொலம்பியா கம்பெனிக்குப் போனார். அங்கே 1978-க்கு அப்புறம் ஏழு வருஷம் அவர் ஆல்பமே வரலை. தானே எழுதிப் பாடுறவர்கிட்ட, எல்விஸ் பாடின ‘இன் த கெட்டோ’வைப் பாடச் சொன்னாங்களாம். பேட்டியில அவரே சொல்லியிருக்கார். யாருக்குத்தான் வெறுத்துப்போகாது?

இசைத்தட்டு மணி:
கம்பெனி படுத்திய பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இடைவெளியில்தானே சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ஆல்பத்தில் ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ பாடி கிராமி வாங்கினார்? அது வேறு கம்பெனி. வழி இருந்தது. இன்னொரு சோல் பாடகர் கர்டிஸ் மேஃபீல்டை நினைத்துப் பாருங்கள். 1990-ல் மேடை விபத்தில் கழுத்துக்குக் கீழே உடம்பு முடங்கியது. அதன் பிறகும் படுத்தபடியே வரி வரியாகப் பாடி 1996-ல் ஒரு ஆல்பம் தந்தார்.

தென்றல்:
மேஃபீல்டு பதின்ம வயசுலேயே பாட வந்தவர். விதர்ஸ் ஒன்பது வருஷம் கடற்படையில இருந்துட்டு, விமானத்துக்குக் கழிவறை செய்யுற ஃபேக்டரியில வேலை பார்த்தவர். முதல் ஆல்பம் வரும்போது வயசு 32. அட்டைப்படத்துலகூட சாப்பாட்டுப் பெட்டியும் கையுமா நிக்கிறார். பாட்டு இல்லாமலும் வாழத் தெரிஞ்ச ஆளை யாரும் மிரட்ட முடியாது.

அதுக்காகப் பிடிவாதக்காரர்னு நினைச்சுடாதீங்க. ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாட்டுல ‘ஐ நோ’ன்னு 26 தடவை வருதே, அந்த இடத்துல வேற வரி எழுதத்தான் இருந்தார். அப்படியே விடச் சொன்னது, அந்த ஆல்பத்தோட தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸும் கூட இருந்த கலைஞர்களும். கேட்டுக்கிட்டார். இசை தெரிஞ்சவங்க சொன்னா கேட்பார்.

கடல்காற்று:
நான் மணி பக்கம். 1972-ல் நியூயார்க் கார்னகி ஹால் கச்சேரியில், வியட்நாம் போரில் வலது கை போன இளைஞனின் குரலாக ஒரு பாட்டுப் பாடுவார். அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுத வேறொருவரைக் கெஞ்சுவான். கேட்டால் நெஞ்சு அடைக்கும். எண்பதுகளில் ஜனாதிபதி ரீகன் காலத்து அமெரிக்காவைப் பற்றியும் இவரிடம் பாட்டு இருந்திருக்கும்.

தென்றல்:
இருந்திருக்கும்ங்க. அதை வெளியிட விடாதவங்க மேலதான் என் கோபம். அவர் மேல இல்லை.