மறு: ‘டீப் யூடெக்டிக் சால்வென்ட்’: ஆழ்வா, தாழ்வா?

> எரிபொருள் கந்தகநீக்கப் பாடத்துக்கு ‘டீப் யூடெக்டிக் சால்வென்ட்’ என்பதை ‘ஆழ்நிலைப் பசுமைக் கரைப்பான்’ என்று கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா?

வணக்கம் ஐயா. வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு அடைமொழியும் இடறுகின்றன.

முதலில் பசுமை. கலைச்சொல் பொருளின் இயல்பிலிருந்து வர வேண்டும். பசுமை என்பது வேறொன்றோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பீடு. கோலின் குளோரைடு கோழித்தீவனத்தில் சேர்ப்பது, யூரியா வயலுக்கு இடுவது. இவ்விரண்டும் கலந்து கிடைக்கும் கரைப்பானுக்குப் பசுமை என்ற அடை பொருந்தும். அதே கோலின் குளோரைடோடு எத்திலீன் கிளைக்காலைச் சேர்த்தாலும் இதே வகைக் கரைப்பான்தான் கிடைக்கிறது. ஆனால் எத்திலீன் கிளைக்கால் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. பெயரிலேயே நற்சான்றிதழ் வைத்துவிட்டால் மாணவர் அதை விசாரிக்கவே மாட்டார்.

அடுத்து ‘யூடெக்டிக்’. 1884இல் கத்ரி கிரேக்க வேரிலிருந்து ஆக்கிய சொல். ‘எளிதில் உருகுவது’ என்று பொருள். அப்படியே ‘எளிதுருகு’ என்று வைத்தால் மெழுகும் அதில் அடங்கிவிடும். உண்மையில் நடப்பது வேறு. வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியசில், காரீயம் 327இல். 63:37 நிறை விகிதத்தில் கலந்த பற்றாசு (சால்டர்) 183இலேயே இரண்டும் ஒருசேர உருகிவிடும். ஒருசேர உருகுவதால் ‘கூட்டுருகு’ என்பதே பொருத்தம்.

‘டீப்’ என்பதைத்தான் பலரும் தவறாகப் பிடிக்கிறார்கள். கோலின் குளோரைடின் உருகுநிலை 302, யூரியாவுடையது 133. 1:2 மோல் விகிதத்தில் கலந்தால் உறைநிலை 12க்கு வந்துவிடுகிறது என்று லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆபட் குழு 2003இல் வெளியிட்டது. உருகுநிலை இறங்கினாலே ‘டீப்’ ஆகிவிடாது; இறங்காத கூட்டுருகு கலவையே கிடையாது. இலட்சியக் கலவை (வெவ்வேறு உறுப்புகளுக்கிடையே உள்ள ஈர்ப்பும் ஒரே உறுப்புக்குள் உள்ள ஈர்ப்பும் சமமாக இருப்பது) என்று கொண்டு கணக்கிட்டால் வரும் கூட்டுருகு வெப்பநிலைக்கும் கீழே இறங்க வேண்டும் என்று 2019இல் மார்ட்டின்ஸ், பின்யோ, கூட்டின்யோ மூவரும் வரையறை வைத்தார்கள். அந்தக் கூடுதல் இறக்கத்துக்குக் காரணம் உறுப்புகளுக்கிடையே உள்ள வலுவான ஈர்ப்பு, பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு. ஆகவே ‘தாழ்’.

என் பரிந்துரை: தாழ்கூட்டுருகு கரைப்பான்.

———

> தாழ்கூட்டுருகு கரைப்பான்

ஏற்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: இதை யாராவது ‘கூட்டுருகி’ என்று சுருக்கிவிடுவார்கள். இயற்பியல் பாடநூலில் உருகி என்றால் ஃபியூஸ். சுருக்கம் வேண்டுமானால் ‘தாழ்கூட்டுருகு’ என்பதோடு நிற்கட்டும்.

இன்னொரு ‘டீப்’பும் இதே பாடத்தில் வருகிறது: ‘டீப் டீசல்ஃபரைசேஷன்’. அங்கே பேச்சு உருகுநிலையைப் பற்றியதல்ல, எரிபொருளில் மிஞ்சும் கந்தகத்தைப் பற்றியது. இந்தியாவின் வாகன மாசு விதியான பாரத் ஸ்டேஜ்-4இல் (பிஎஸ்-4) 50 பிபிஎம்மாக (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்த வரம்பு, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6இல் நாடு முழுவதும் 10 ஆனது. அந்த அளவுக்கு இறக்குவதற்கு ‘முழுக் கந்தகநீக்கம்’ என்பது பொய்யாகிவிடும், 10 பிபிஎம் மிஞ்சுகிறதே. கரைப்பானுக்குத் ‘தாழ்’ போய்விட்டதால் ‘ஆழ்’ இப்போது சும்மா இருக்கிறது. ‘ஆழ் கந்தகநீக்கம்’ என்று இதற்குத் தரலாம்.

‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ பள்ளி நூலில் ‘சாறு இறக்குதல்’ என்று இருப்பதால் அதையே தொடரலாம். ஆனால் கரைப்பான் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் நீர்மமான ‘ராஃபினேட்’டைச் ‘சக்கை’ என்று சிலர் எழுதியிருப்பது கூடாது. இங்கே நமக்கு வேண்டியதே அதுதான், கந்தகம் நீங்கிய எரிபொருள்! ‘எச்சநீர்மம்’ போதும்.

———

சொற்கள் ஆய்வக மேசையில் தாங்குமா என்று பார்க்க ஒரு செய்முறையை அவற்றாலேயே எழுதிப் பார்க்கிறேன்.

ஹைட்ரஜனும் வினையூக்கியும் கொண்டு கந்தகத்தை அகற்றும் ஹைட்ரஜனேற்றக் கந்தகநீக்கத்தில் கடைசிவரை அடம்பிடிப்பது 4,6-டைமெத்தில்டைபென்சோதயோஃபீன். கந்தக அணுவுக்கு இருபுறமும் உள்ள மெத்தில் தொகுதிகள் அதை வினையூக்கிப் பரப்பை நெருங்க விடுவதில்லை. ஆக்சிஜனேற்றத்தில் கந்தகத்தின் எலக்ட்ரான் அடர்த்திதான் முக்கியம் என்பதால் டைபென்சோதயோஃபீன் இனம் இணங்கிவிடுகிறது, தயோஃபீன்தான் முரண்டுபிடிக்கும். ஆக்சிஜனேறியதும் டைபென்சோதயோஃபீன் முனைவுத்தன்மை மிக்க சல்ஃபோனாகிக் கரைப்பானுக்குள் போய்விடும்.

மாதிரி எரிபொருள்: 100 கிராம் ஆக்டேனில் 0.287 கிராம் டைபென்சோதயோஃபீன், அதாவது 500 பிபிஎம் கந்தகம். கரைப்பான் 20 கிராம்: கோலின் குளோரைடு 5.37, பாரா-டொலுவீன்சல்ஃபோனிக் அமில மோனோஹைட்ரேட்டு 14.63 (மோல் விகிதம் 1:2). கோலின் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். வெற்றிட உலர்த்தியில் காயவைத்து உடனே எடைபோடாவிட்டால் விகிதமே மாறிவிடும். 80 டிகிரியில் கலக்கினால் தெளிந்த நீர்மமாகும்.

ஒரு கந்தக அணுவுக்கு இரண்டு பெராக்சைடு மூலக்கூறு போதும் என்பது ஏட்டுக்கணக்கு. ஒரு பகுதி வீணாகச் சிதைவதால் ஒரு கந்தக அணுவுக்கு ஆறு மூலக்கூறு என்று எடுத்தால் 30% ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 0.95 மில்லிலிட்டர். 50 முதல் 60 டிகிரிக்குள், சொட்டுச் சொட்டாக மட்டுமே. சிதைவில் வரும் ஆக்சிஜன் எரிபொருள் ஆவியோடு சேரும் என்பதால் மூடிய கலத்தில் செய்யவே கூடாது. உலோகத் துகள் விழுந்தால் சிதைவு விரைவுபடும். கோலின் குளோரைடுக்குப் பதிலாக புரோமைடு உப்பு எடுத்தால் அமிலமும் பெராக்சைடும் சேர்ந்து புரோமினை விடுவிக்கும். பழுப்பு நிறம் கண்டால் நிறுத்திவிட வேண்டும்.

கலக்கி நிறுத்தியதும் சாறு (சல்ஃபோன் ஏறிய கரைப்பான்) கீழே, எச்சநீர்மம் மேலே. பால்போல் கலங்கியே நின்றால் மையவிலக்கியில் சுற்றுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாயு நிறவரைவியில் (கேஸ் குரோமட்டோகிராஃப்) டைபென்சோதயோஃபீன் சிகரம் மறைந்துவிடும், ‘99% நீங்கியது’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் கரைப்பானின் அமிலத்திலேயே கந்தகம் இருக்கிறது. 100 கிராம் எரிபொருளில் அந்த மோனோஹைட்ரேட்டு 6 மில்லிகிராம் தங்கினாலே 10 பிபிஎம் கந்தகம் கூடிவிடும். ஆகவே எச்சநீர்மத்தை நீரால் கழுவி, புறஊதா ஒளிர்வு முறையில் மொத்தக் கந்தகத்தை அளக்க வேண்டும். குளோரைடு மிஞ்சினால் துருப்பிடிக்கா எஃகையும் அரிக்கும்.

கரைப்பானை மீட்க நீர் சேர்த்தால் சல்ஃபோன் வீழ்படிவாகும்; வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் நீரை ஆவியாக்கலாம். அதற்கு முன் பொட்டாசியம் அயோடைடு–ஸ்டார்ச் தாளால் பெராக்சைடு இல்லை என்று உறுதிசெய்வது கட்டாயம்.

எழுதும்போது ‘சாறு’, ‘எச்சநீர்மம்’ இரண்டும் இடறவில்லை. ‘தாழ்கூட்டுருகு கரைப்பான்’ முதல் முறை நீளமாகத் தெரிந்தது. பிறகு ‘கரைப்பான்’ என்றாலே போதுமாக இருந்தது.

———

நன்றி ஐயா. பட்டியலுக்கு இப்படி வைக்கிறேன்:

தாழ்கூட்டுருகு கரைப்பான்: இரண்டோ அதற்கு மேலோ உறுப்புகள் குறித்த விகிதத்தில் சேர்ந்து, இலட்சியக் கலவைக்குக் கணக்கிட்ட கூட்டுருகு வெப்பநிலைக்கும் கீழே உருகும் கரைப்பான். அயனிகளால் மட்டுமே ஆன அயனித் திரவத்தோடு குழப்பக் கூடாது. இதன் உறுப்புகளில் அயனியல்லாதவையும் உண்டு.

‘பசுமை’ வரையறையில் இல்லை, குறிப்பிலும் சேர்க்கவில்லை. ‘ஹைட்ரஜன் பிணைப்பு வழங்கி’, ‘ஏற்பி’ இரண்டையும் அடுத்த மடலில் எடுத்துக்கொள்ளலாம்.