மூடிய டப்பாவுக்குள் ஹெட்போன் ஆம்ப்: உங்களுக்கு என்ன ஆனது?

பாளையங்கோட்டை:
போன மே மாதம் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர், பிளஸ் மைனஸ் 15 வோல்ட், அதை நிலையாக வைக்கப் பிளஸ் பக்கம் எல்எம்317, மைனஸ் பக்கம் 337 என்று இரண்டு ரெகுலேட்டர் ஐசி. ராத்திரி நேரத்தில் மேசைமேல் திறந்து வைத்து ஒரு வாரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினேன். மதியம் இரண்டரை மணி, ஃபேன் காற்றே அனலாக இறங்கும் நேரம். தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று "அண்ணே!" என்று அலறி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். காதில் 'டப்' என்று அறைந்ததாம். மூடி தோசைக்கல்லாய்ச் சுட்டது. திறந்தால், ஒயரைப் பிடித்திருந்த குளூ கன் பசை பாகு மாதிரி இழுபட்டு வந்தது. சூடு தாங்காமல் 337 தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது. மைனஸ் பக்கம் போனதும் அவுட்புட்டில் டிசி ஏறி, ஹெட்போனின் இடது பக்கச் சுருள் போய்விட்டது. நல்லவேளை, காதுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஹெட்போன் அவள் முதல் சம்பளத்தில் வாங்கியது.

அம்பாசமுத்திரம்:
என் டப்பாவில் அடியிலும் மேலும் ஓட்டை உண்டு, ஆனாலும் சுட்டது. காரணம் தெரிய இரண்டு மாதம் ஆனது. ரப்பர் கால் போடாமல் பத்தமடைப் பாய்மேல் வைத்திருந்தேன், அடி ஓட்டை எல்லாம் அடைத்துக்கொண்டது. தூக்கிப் பார்த்தபோது அந்தச் சதுரம் மட்டும் சிவப்புச் சாயம் மங்கிக் கிடந்தது. அம்மாவின் கல்யாணப் பாய், ஓரத்தில் இரண்டு பெயரும் நெய்திருக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

வண்ணார்பேட்டை:
நான் ஒருமுறை ஐசிக்கு அடியில் மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) போட மறந்து ஃபியூஸ் போனது, அவ்வளவுதான். ஆனால் பாளை அண்ணாச்சி, டப்பாவைக் குறை சொல்லாதீர்கள். 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தானே? ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் தாண்டி 24 வரும். 15 போக 9 மிச்சம், கால் ஆம்பியர் இழுத்தால் இரண்டேகால் வாட். ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகம்) இல்லாத டிஓ-220, அதாவது இந்த ஐசிகளின் உடல் ரகம், வாட்டுக்குச் சுமார் 50 டிகிரி ஏறும். 40 டிகிரி வெயிலில் 150-ஐத் தாண்டிவிடும், அதன் எல்லையோ 125. பாட்டு ஓடாவிட்டாலும் கிளாஸ் ஏ இதே சூட்டைக் கக்கும். ஓட்டை போடுவதைவிட டப்பாச் சுவரையே ஹீட்சிங்க் ஆக்குங்கள், ஆனால் அது கனமான அலுமினியமாக இருக்கட்டும், எவர்சில்வர் சூட்டைச் சரியாகக் கடத்தாது. இரண்டு ஐசிக்கும் மைக்கா கட்டாயம்: 317-ன் முதுகு அவுட்புட், 337-ன் முதுகு இன்புட், நேராகத் திருகினால் ஷார்ட். துடுப்பு வைத்த ஹீட்சிங்க் என்றால் துடுப்பு செங்குத்தாக நிற்கட்டும். டிரான்ஸ்ஃபார்மரை 15 வோல்ட்டாக மாற்றினால் சூடு பாதியாகிவிடும்.

திசையன்விளை:
அந்தக் கடைசி யோசனை டவுனுக்குச் சரி. எங்கள் பக்கம் சாயங்காலம் 190 வோல்ட்தான் வரும். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் அப்போது பிரிட்ஜ் தாண்டி 16-க்குக் கொஞ்சம் மேலேதான் வரும், ரெகுலேட்டரால் 15-ஐ நிலையாகப் பிடிக்க முடியாது, காதில் 'ம்ம்ம்' என்று இரைச்சல்தான். செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். என் தொல்லை கெப்பாசிட்டர். ஹீட்சிங்க்கை ஒட்டி 85 டிகிரி வரை தாங்கும் ரகம் போட்டிருந்தேன், ஒரே கோடையில் தலை உப்பிவிட்டது. 105 ரகம் வாங்கி இரண்டு விரல் தள்ளி வைத்தேன். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு.

பாளையங்கோட்டை:
வண்ணார்பேட்டை அண்ணாச்சி, கணக்கு சரிதான், 18 வோல்ட்தான். அலுமினியப் பெட்டிக்கு மாற்றிவிட்டேன், டிசி வந்தால் துண்டிக்கும் ரிலேயும் போட்டாயிற்று. இப்போது கைவைத்தால் வெதுவெதுப்புதான். தங்கச்சி இன்னும் அதில் காது வைக்கவில்லை. ஹெட்போனுக்குள் இருக்கும் 40 எம்எம் டிரைவர் (குட்டி ஸ்பீக்கர்) மாற்றியவர்கள் யாராவது இருந்தால் எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அவளுடைய அந்தப் பழைய ஹெட்போனைத்தான் சரிசெய்து கொடுக்க வேண்டும்.